தோணியில் ஒரு செலவு



பாவேந்தர் பாரதிதாசனின் கவிதைகளுள் ஒன்று ‘மாவலிபுரச் செலவு’. கண்டிப் பகுதியில் வாழும் நமக்கு இந்தத் தலைப்பைக் கேட்டதும் இரண்டு ஐயங்கள் எழக்கூடும். மாவலி என்பது நம்முடைய மாவலி கங்கையா? செலவு என்பது பணச் செலவா? இரண்டும் அல்ல. மாவலிபுரம் என்பது பல்லவர் சிற்பங்களால் புகழ்பெற்ற மாமல்லபுரம். செலவு என்பது செல்லுதல், அதாவது பயணம். 1934ஆம் ஆண்டு கவிஞர் தம் தோழர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் போய்வந்தார். அந்தப் பயணத்தின் பாட்டு இது.

செலவு என்பது பழைய சொல். சங்க அகப்பாடல்களில் அது பெரும்பாலும் பிரிவோடு சேர்ந்தே வரும். பொருள் தேடத் தலைவன் புறப்படுவது செலவு. புறப்பட எண்ணியவன் மனம் மாறி வீட்டிலேயே தங்கிவிடுவது செலவழுங்கல். காவிரிப்பூம்பட்டினத்தையே பெறுவதானாலும் தலைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்லி நின்றுவிடுகிறான் பட்டினப்பாலைத் தலைவன். பாரதிதாசனின் செலவிலே பிரிவு இல்லை. பொருள் தேட்டமும் இல்லை. தோழர் கூட்டம் கூடவே வருகிறது. வெயிலின் ஒளி தண்ணீரில் மிதப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே போகிறார்கள். போவதுதான் இன்பம், போய்ச் சேர்வது அப்புறம்.

அவர்கள் சென்ற நீர்வழி பக்கிங்ஹாம் கால்வாய். 1806ஆம் ஆண்டில் பசில் கொக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டத் தொடங்கியது அது. பிறகு அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்று, கடலோரத்துக் கழிகளை ஒன்றோடொன்று தொடுத்து, வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம்வரை ஏறத்தாழ 420 கிலோமீற்றர் நீளத்துக்கு வளர்த்தது. விறகும் உப்பும் நெல்லும் அதன் வழியே நகருக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். வாய்க்காவிட்டால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள். கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பதும் உண்டு. உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் கழிக்கரையிலே குதிரைகள்போலக் கட்டப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறதல்லவா? அதே உப்பும் நெல்லுந்தான் இங்கும் தோணி ஏறின.

இந்த வாய்க்கால் புதுச்சேரிவரை நீளும் என்கிறார் கவிஞர். உண்மையில் அது புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் பாரதிதாசன் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். சென்னையில் தோணியேறும்போதே அந்தத் தண்ணீர் தம் வீட்டு வாசல்வரை போவதாக அவருடைய மனம் கண்டிருக்கலாம்.

சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீற்றர். இன்று பஸ்ஸில் ஏறினால் பேச்சுத் தொடங்குமுன் ஊர் வந்துவிடும். தோணியிலோ பேசலாம், பேச்சு ஓய்ந்தபின் மௌனமாகவும் இருக்கலாம். மலைநாட்டில் இருக்கும் நமக்கு இந்த அனுபவம் அரிது. 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கலக்கும் மாவலி கங்கை, கண்டிச் சுற்றாடலிலே பாறைகளுக்கிடையே பாய்கிறது. இங்கே ஓடம் என்பது அக்கரை சேர்வதற்கு. ஆற்றோடு நெடுந்தூரம் செல்வதற்கன்று.

இனி, அந்தக் கால்வாயின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம்.

1876 முதல் 1878வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று முதியவர்கள் சொல்வது இதைத்தான். பல இலட்சம் மக்கள் மடிந்தார்கள். பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரில், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர்த் துண்டு 1877–78இல் வெட்டப்பட்டது. வடபகுதியும் தென்பகுதியும் ஒரே நீர்வழியானது அப்போதுதான். வெட்டியவர்கள் பசித்த கூலிகள். கால்வாய்க்கு வந்ததோ அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர். 1877இன் தொடக்கத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைத்தலங்களில் வளர்ந்த ஓர் ஆணின் நாட்கூலி, ஒரு றாத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று குறைக்கப்பட்டது. மண் சுமக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்கு ஒரு றாத்தல்!

அதே பஞ்சம் வேறு பலரைக் கடலுக்கு இப்பால் தள்ளியது. இராமநாதபுரக் கரையில் வள்ளமேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தார்கள். கோப்பித் தோட்டங்களை 1869இலேயே இலைநோய் பற்றிவிட்டது. நலிந்துகொண்டிருந்த பயிரை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். வழியிலே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மஹய்யாவ ஊடாகக் கட்டுகஸ்தோட்டைக்கும் மாத்தளைக்கும் போகும் வீதியில் இன்று நாம் பஸ்ஸுக்கு நிற்கிறோம். வடக்கேயிருந்து கண்டிக்கு வரும் பெருவழி அது. அவர்களுடையதும் ஒரு செலவுதான். செலவழுங்க அவர்களுக்கு வழியில்லை. வீட்டில் தங்கினால் சாவு.

அப்படியானால் பாரதிதாசனின் தோணிப் பாட்டைக் குறைசொல்லலாமா? கூடாது. தோழரோடு கூடி ஒரு நாள் மகிழ்வது மனிதனின் உரிமை. மேலும், ‘சித்திரச் சோலைகளே’ என்ற பாட்டில், அழகிய சோலைகளைப் பார்த்து, உங்களை உருவாக்க எத்தனை தொழிலாளர் தம் இரத்தத்தைச் சொரிந்தார்கள் என்று கேட்டவர் அவரே. அந்தக் கேள்வியை அவருடைய தோணி மிதந்த கால்வாயிடம் நாம் கேட்கலாம். நம் மலைச்சரிவுகளின் தேயிலைச் செடிகளிடமும் கேட்கலாம்.

1965இலும் 1966இலும் வீசிய புயல்களால் சேதமுற்ற பின் அந்தக் கால்வாயில் தோணிப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. சென்னை நகருக்குள் அது சாக்கடையாயிற்று. அதன்மேல் பறக்கும் இரயிலின் தூண்கள் எழுந்தன. ஆயினும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, பல இடங்களில் அலையின் வேகத்தைத் தாங்கி ஊர்களைக் காத்தது அந்தக் கால்வாய்தான். பசித்தவர்கள் தோண்டிய பள்ளம், யாரென்றே அறியாத பின்தலைமுறையினரைக் காப்பாற்றியது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மாவலிபுரச் செலவு’ படிப்பிக்கும்போது மாணவர்களை ஒரு கட்டுரையும் எழுதச் சொல்லுங்கள். தலைப்பு, ‘எங்கள் குடும்பத்தின் செலவு’. எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள், எந்தத் துறையில் கரையேறினார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் பெயர் பதிந்தார்கள் என்று வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதட்டும். ஊர்ப்பெயர் ஒன்றாவது கிடைக்கும். அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள். பிந்தாமல் கேளுங்கள்.