மழை பிறக்கும் வகை



மழை எங்ஙனம் பிறக்கிறது என்று ஆங்கிலவழி பயிலும் சிறுவனைக் கேட்டால், இவாப்பரேசன், கண்டன்சேசன், பிரெசிப்பிட்டேசன் என மூன்று சொற்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். பொருள் கேட்டால் விழிப்பான். ஆவியாதல், குளிர்ந்து துளியாதல், பொழிதல் என்று கற்பித்திருந்தால் சொல்லே பொருளை உணர்த்தியிருக்கும். தமிழில் அறிவியல் சொல்ல இயலாது என்பாருக்கு மழையையே சான்றாகக் காட்டலாம்.

உலகின் நீரில் ஏறத்தாழ 97 விழுக்காடு கடலில் உள்ளது. உப்பைக் கீழே விட்டு நீரைமட்டும் ஆவியாக்கி மேலேற்றுகிறான் கதிரவன். இதற்குச் செலவாகும் வெப்பம் சிறிதன்று. உறைநிலை நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அந்நீரை ஆவியாக்கத் தேவை. அவ்வெப்பம் அழிவதில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே ஆவி மீண்டும் துளியாகும்போது வெளிப்பட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சூடேற்றுகிறது. வங்கக் கடற்புயலுக்கு உணவு இதுவே. கரையேறிய புயல் விரைந்து மெலிவதும் இவ்வுணவு அறுந்துபோவதாலேயே.

மேலேறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. முகில் திரளாத காற்று ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 10 பாகை வெம்மையை இழக்கும். குளிர்நீர்ச் செம்பின் புறத்தே நீர் அரும்புவதுபோல் அங்கும் நீர் அரும்புகிறது. பற்றிக்கொள்ள அங்குச் செம்பு ஏது? புகையும் மண்ணின் நுண்துகளும் உண்டு. கடலிலேயே தங்கிய உப்பிலும் சிறு பங்கு அலைத்திவலையோடு மேலேறி அங்குக் காத்திருக்கிறது! அவற்றைப் பற்றித் தோன்றும் முகில்துளிகள் ஏறத்தாழப் பத்து நூறாயிரம் கூடினால்தான் ஒரு மழைத்துளி. கறுத்த முகிலெல்லாம் பெய்யாமைக்குக் கரணியம் இதுவே.

காற்றைத் திசையாற் பகுத்து வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று பெயரிட்டவர் தமிழர். ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று மலைத்தொடரில் ஏறி, நீரைப் பெரும்பாலும் மலையாளக் கரையிலேயே கொட்டிவிட்டு வறண்டு இறங்குகிறது. தமிழகம் ஆண்டு மழையில் பாதியை ஒட்டிய பங்கை ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெறுகிறது. கொள் என்னும் அடியிற் பிறந்த கொண்டல், கீழ்காற்றையும் நீர் கொண்ட முகிலையும் ஒருங்கே குறிக்கும். இத்தகு சொல் இருக்கவும், படித்தவர் வாயில் ‘மான்சூன்’ என்னும் அரபு வழிச்சொல்லே வருகிறது.

புகார்த் துறையில் பண்டங்கள் கடலிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் மாறிச் செல்வதற்கு, முகில் கொண்ட நீர் மலையிற் பொழிந்து கடலுக்கே மீள்வதைப் பட்டினப்பாலையில் உவமை கூறினார் உருத்திரங்கண்ணனார். ஆவியில் ஒளிந்த வெப்பத்தையும் அவர் அறிந்திருந்தார் எனப் பேசுவது வீண்பெருமை. ஆனால் சுழற்சியைக் கண்டிருந்தார். ஆறு ஓட மழைநீரே போதும் என்று பிரான்சில் பெரோ கணக்கிட்டுக் காட்டியது 1674இல். அதற்கு முன்னர், நிலத்தடிப் புழைகள் வழியே கடல்நீரே ஊற்றாகிறது என்று நம்பிய அறிஞர் அங்குப் பலர்.

வானிலுள்ள ஆவி ஏறத்தாழ ஒன்பது நாள்களில் மழையாகிவிடும். விழுந்த நீரைப் பிடித்து நிறுத்துவது ஏரி. 2015 திசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பொழிந்தது, சென்னை மூழ்கியது. 2019இல் அதே நகருக்குச் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. முந்தைய ஆண்டில் கொண்டல் பொய்த்தது என்பது பாதி உண்மை. வரத்துக்கால்கள் அடைபட்டு, ஏரிகள் மனைகளானது மறுபாதி.

இதில் பிறரைமட்டும் குறைகூறவும் இயலாது. கடவுள் வாழ்த்தை அடுத்து மழையை வைத்தவர் வள்ளுவர். 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது, தூர்க்கப்பட்ட நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில். அவ்வேரியின் நினைவு அங்கு ஒரு பகுதியின் பெயரில் இன்னும் இருக்கிறது, ‘இலேக் ஏரியா’ என்று.