கைப்பிடி அளவு

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நான் வளர்ந்தது புது தில்லி கோல் மார்க்கெட்டில், சர்க்கார் குவார்ட்டர்ஸில். 1911-ல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். அதன்பின் உத்யோகத்துக்காக வந்த நம்மவர் பலருக்கு அந்தப் பேட்டைதான் ஊர். 1921-ல் கட்டிய வட்டமான மார்க்கெட். பக்கத்திலேயே மந்திர் மார்க்கில், 1939-ல் காந்திஜி திறந்து வைத்த பிர்லா மந்திர். தமிழ்ப் பள்ளிக்கூடமும் அங்கேயேதான்.

தில்லிக் குளிரில் இட்லி மாவு லேசில் பொங்காது. அம்மா பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, தணல் ஆறாத அங்கீட்டி அருகே வைப்பாள். மார்கழியில் மலிவாய்க் கிடைப்பது முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும். திவசத்துக்கு அவை ஆகாது. அப்பா அலைந்து வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் வாங்கி வருவார். ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆகாமல் ஒரு பருக்கை யார் வாயிலும் படாது.

அப்பா ரிடையர் ஆனதும் வீட்டைக் காலி செய்தோம். சர்க்கார் வீடு, சாவியைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அம்மாவோடு வந்தவை அஞ்சறைப்பெட்டியும் கல்சட்டியும் அவள் கைப்பழக்கமும்தான். அளவு கேட்டால், "கைப்பிடி போடு" என்பாள். யார் கைப்பிடி? நான் வாத்தியாரம்மா, விடுவேனா? பக்கத்தில் நின்று, அவள் கையிலிருந்ததைக் கரண்டியில் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அம்மா இப்போது இல்லை. வெளியூரில் இருக்கும் என் மருமகள் அந்த நோட்டைப் பார்த்து வத்தக்குழம்பு வைக்கிறாள்.

எந்த ஊரில் இருந்தாலும், பெரியவர்கள் இருக்கும்போதே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.