உமக்கு எந்த ஊர்?



வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. அனைத்தையும் விட்டவர் எய்தும் பேற்றுக்கும் அதுவே பெயர். நாம் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படும் கட்டடத்துக்கும் அதுவே பெயர். விரும்பித் துறந்து ஊர் ஊராகத் திரிந்தவரை நம் முன்னோர் வணங்கினர். விரும்பாமல் இழந்து தெருவோரம் படுத்திருப்பவரை நாம் சுற்றிக் கடந்து செல்கிறோம். இந்த இரண்டாமவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் புதியவர் ஒருவரைக் கண்டால், பெயரைக் கேட்பதற்கு முன்பே, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்பது வழக்கம். சேரன்மகாதேவி என்றால் ஒரு பேச்சு. ஆழ்வார்குறிச்சி என்றால் வேறொரு பேச்சு. எப்படியும் அவ்வூரில் நமக்கு ஓர் உறவோ, உடன் படித்தவரோ அகப்பட்டுவிடுவார். இரயில் சந்திப்பின் வாயிலிலும், ரத வீதிகளில் அடைத்த கடைகளின் முன்பும் இரவில் படுத்திருப்பவரிடம் மட்டும் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. "எழுந்திரு, தள்ளிப் படு" என்பதே அவர் செவியில் விழும் தமிழ்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி இரவு வீடற்றோரை எண்ணுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நாடு முழுவதும் அவ்வாறு எண்ணப்பட்டோர் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேலாவர். ஆசிரியன் என்ற முறையில் படிவக் கட்டுடன் நானும் சென்றிருந்தேன். ஆற்றங்கரைக்குப் போகும் வழியில், ஒரு மண்டபத்தில் முதியவர் ஒருவர் படுத்திருந்தார். பிறந்த ஊர் எது என்று வினவினேன். எழுந்து உட்கார்ந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு ஊரைச் சொன்னார். அதோடு நில்லாமல், அவ்வூர்ப் படித்துறையில் எத்தனை படிகள், ஐப்பசி வெள்ளத்தில் எத்தனை மூழ்கும் என்பதையும் சொன்னார். படிவத்தில் அதற்கு இடமில்லை, ஆயினும் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்துப் படுத்திருந்தவர் தாமாகவே எழுந்து, "என்னையும் எழுதுங்க சார்" என்றார்.

இந்நிலைக்கு வருவோரெல்லாம் குடியாலும் சோம்பலாலும் வந்தவர்கள் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் மணிமுத்தாறு வழியே மலையேறி மாஞ்சோலையைப் பார்த்து வரலாம். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடு அது. பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி அங்கே தேயிலை பயிரிட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களில் தொழிலாளர் நான்கு தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்தனர். அட்டைக்கடியும் மழையும் பொறுத்து உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். குத்தகை 2028இல் முடியவிருந்த நிலையில், 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளரை விடுவித்தது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. காடு காடாக வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. புலிகள் காப்பகம் அது. எனினும், மாஞ்சோலையில் பிறந்த பிள்ளையிடம் "எந்த ஊர்?" என்றால் அப்பிள்ளை வேறு எந்தப் பெயரைச் சொல்லும்? சமவெளியில் ஓர் அறை கொடுத்துவிடலாம். ஊரை அவ்வாறு கொடுத்துவிட இயலாது. அண்டை வீட்டார் மெல்ல மெல்லக் கொடுக்க வேண்டியது அது.

நகரத்துக்கும் இது பொருந்தும். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஆணையிட்டது. நல்ல ஆணை. எனக்கு அதைவிடப் பிடித்தது தேர்தல் ஆணையத்தின் ஒரு விதி. வீடற்றவரும் வாக்காளராகலாம், முகவரிச் சான்று வேண்டியதில்லை. தாம் உறங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓரிரவுக்கு மேற்பட்ட இரவுகளில் அங்கே சென்று, அவர் அங்குதான் உறங்குகிறார் என்று கண்டறிந்தால் போதும். அந்த அலுவலர் பல இடங்களில் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார். அவர் வரும் இரவில் அந்தக் கடைக்காரர், "ஆமாம் சார், இவர் நம்ம இடத்தில்தான் படுப்பார்" என்று ஒரு சொல் சொன்னால் வேலை எளிதாகும். அதற்குக் கடைக்காரருக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்க வேண்டும்.