பலகைக் கணினியும் பயனர் உரிமையும்



2010-ஆம் ஆண்டு ஏப்பிரல் 3-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. கணினியைத் தொட்டறியாத முதியோரும் சிறாரும் எவரையும் கேளாமலே அதனை இயக்கினர். திரை முழுதும் ஒரே செயலி; முகப்பில் ஒரே குமிழ். வழி தவறினால் அதனை அழுத்தினாற் போதும். தொடங்கிய இடத்திற்கே மீளலாம். இவ்வெளிமை பேராக்கமே. அதனைக் குறைத்துரைப்போர் நடுநிலையாளர் ஆகார்.

ஆயின், அதற்கீடாகக் கொடுத்த விலை யாது? இரு செயலிகளை அருகருகே வைத்துப் பணிசெய்ய 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோப்புகளை ஓரிடத்தில் தொகுத்துக் காண 2017 ஆயிற்று. இவை பொறுக்கத் தக்க குறைகள். பொறுக்கவொண்ணாதது பிறிதொன்று.

எந்த மொழிக்கு விசைப்பலகை உண்டு, எதற்கு இல்லை என்பதை ஆப்பிளே முடிவு செய்தது. பிறர் ஆக்கியதைப் பொருத்திக்கொள்ள இடமில்லை. 2013-இல் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் தமிழ் விசைப்பலகை சேரும்வரை, தனிச்செயலி ஒன்றில் எழுதி, படியெடுத்து, மடலிற் கொண்டுபோய் ஒட்டினர் தமிழர். மூன்றாண்டுகள்! தாய்மொழியில் நான்கு வரி எழுத வேற்றுநாட்டு நிறுவனத்தின் இசைவை நோக்கி நிற்பதற்கு எளிமை என்றா பெயர்?

ஆண்டிராய்டு இயங்குதளமோ, 2009-இலேயே பிறர் விசைப்பலகைகளை ஏற்றது. (அதன் தொடக்கப் பதிப்புகள் தமிழெழுத்தைச் செவ்வையாகக் காட்டத் தெரியாமல் கட்டங்கட்டமாய்க் காட்டின என்பதையும் மறைத்தல் ஆகாது.) திறந்த வாயிலில் கள்வனும் நுழைவான் என்பர். மெய்தான். எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகை அறியும், கடவுச்சொல்லையும் அறியும்.

அதற்காக வாயிலையே சுவரெழுப்பி அடைப்பதா? 2014-இல் ஆப்பிளே விடை கண்டது. எட்டாம் பதிப்பு பிறர் விசைப்பலகைகளை ஏற்றது. ஆனால், உரியவர் இசைவின்றி அவை இணையத்தைத் தொடவியலாது. கடவுச்சொல் எழுதுமிடத்தில் ஆப்பிளின் விசைப்பலகையே தோன்றும். வாயில் திறந்தது, காவலும் நின்றது. வேண்டாதார்க்கு அப்படியோர் ஏந்து இருப்பதே தெரியாது. எளிமை எள்ளளவும் கெடவில்லை.

2025-இல் வந்த 26-ஆம் பதிப்பும் அவ்வழியே சென்றது. செயலிகளைச் சாளரங்களாகச் சுருக்கலாம், விரிக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பழையபடி ஒரே திரை போதும் என்பாரும் அவ்வாறே வைத்துக்கொள்ளலாம். தேர்வு பயன்படுத்துவோர் கையில். இந்நிலைக்கு வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.