சரக்கு வண்டியில் சரக்கு மட்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மீன்பாசிக் குத்தகைக் கணக்கை வாசித்தபோது, “வண்டி வாடகைன்னு ஒரே நாளில் ரெண்டு தரம் எழுதியிருக்கீங்களே, ஏன்?” என்று கணக்குப் பார்த்த அக்கா கேட்டார்கள். அதுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இன்றைக்குப் பேச நேரம் கேட்டோம்.

கரிசக்காட்டுக்கும் தோணிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கிறீங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. நம்ம மாவட்டத்தில் எத்தனையோ குளமும் கண்மாயும் உடைந்தது. எங்க ஊர்க் கண்மாய்க் கரை எப்படியோ தப்பிச்சது. அந்தத் தண்ணியை நம்பி மூணு குழு சேர்ந்து மீன்பாசி ஏலம் எடுத்து, கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டோம். ஆனி மாசம் தண்ணி வத்தினதும் மீன் பிடிக்கலாம் என்று பார்த்தால், நடுக்கண்மாயில் கரம்பை அள்ளின பள்ளத்தில் ஆள் முங்குற ஆழம். இறங்கி வலை இழுக்க முடியாது. வேம்பார் பக்கத்துக் கடற்கரைக் குழுவில் கேட்டோம். பதினோரு அடி பைபர் தோணி, வலை, துடுப்பு, நங்கூரம் எல்லாத்தையும் ஒரு வாரத்துக்குத் தர்றோம், நீங்களே வண்டி பிடிச்சு எடுத்துக்கோங்க என்றார்கள்.

நாங்கள் குட்டியானையைப் பேசினோம். அதுதான் வாடகை கம்மி. அதன் தொட்டி நீளம் ஏழடி சொச்சம். பதினோரு அடித் தோணியை ஏற்றினால் என்ன ஆகும்? நாலடி வெளியே நீட்டும். வாலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் சரி என்று நினைத்தோம். தோணியை வாய் மேலே பார்க்க வைத்து, அதுக்குள்ளேயே வலையைப் போட்டு, துடுப்பைச் சும்மா செருகி, நடுவில் ஒரே ஒரு நைலான் கயிற்றைக் குறுக்கே கட்டினோம். முன்னால் டிரைவர் அண்ணாச்சி பக்கத்தில் ஒருத்தர்தான் உட்காரலாம். மீதி ஐந்து பேர் வலை மேலே ஏறி உட்கார்ந்துகிட்டோம். மெத்தை மாதிரி இருக்கு என்று கேலி வேற.

விளாத்திகுளம் தாண்டி எட்டயபுரம் ரோட்டில் வரும்போது மேல்காத்து. ஆனி, ஆடியில் நம்ம பக்கத்துக் காத்து எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாய் திறந்து கிடந்த தோணி காத்தை அள்ளிக்கிட்டு ஆடுது. ஒரு வேகத்தடையில் வண்டி குதிச்சது. தோணி விளிம்பில் உரசி உரசி நைந்திருந்த கயிறு அறுந்தது. தோணி பின்னால் சரிந்து வால் ரோட்டில் இடிச்சது. செருகி வைத்த துடுப்பு பறந்துபோய், பின்னால் பைக்கில் குழந்தையோடு வந்தவர் முன்னால் விழுந்தது. அவர் திருப்பி மண்ணில் இறக்கிட்டார். குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவோடு போச்சு. எங்களில் ஒருத்தி தோணியோடு சேர்ந்து வெளியே போக இருந்தவளைச் சேலையைப் பிடித்து உள்ளே இழுத்தோம். அந்தச் சேலை கிழிந்து போச்சு. அவள் இன்றைக்கும் இங்கேதான் உட்கார்ந்திருக்கா, பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டா.

டிரைவர் அண்ணாச்சி இனிமே ஏத்த மாட்டேன் என்றுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, ஏத்தச் சொன்னது நாங்கதான். வேற வண்டி வரவழைத்தோம். அதுதான் ரெண்டாவது வாடகை. தோணியின் பின்பக்கம் விரிசல் விட்டதால் பைபர் ஒட்ட 3,500 ரூபாய் தனியாகக் கொடுத்தோம். மலிவு வண்டி பிடித்து மிச்சப்படுத்தினது இவ்வளவுதான்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் கடற்கரைக் குழுவில் இருந்து ரெண்டு அக்காவும் ஒரு பெரியவரும் வந்தார்கள். ஏத்துறதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

முதலில் வண்டி. தோணி வண்டித் தொட்டிக்குள்ளே அடங்கணும். வெளியே நீட்டி ஏத்தினால், 2019இல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், நீட்டினதை இறக்கி வைக்கிற செலவும் நம்மளது. சிவப்புத் துணி கட்டினதால் மன்னிப்பு கிடையாது. சட்டத்தை விடுங்க, பாரம் வாலில் தொங்கினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிக்கு நிற்காது என்று பெரியவர் சொன்னார். கரிசல் ரோட்டு ஓரத்தில், அதுவும் ஒரு மழை பெய்து மண் களியாகக் கிடக்கும்போது, அப்படிப்பட்ட வண்டி ஓரம் இறங்கினால் திரும்ப ஏறாது. நாங்கள் 14 அடி ஐஷர் ஒன்றை ரிட்டன் வண்டியாகப் பிடித்தோம். கோவில்பட்டியில் லோடு இறக்கிவிட்டுக் காலியாகப் போற வண்டி என்பதால் வாடகை கட்டுப்படியானது. ஒரு நாள் முன்னப்பின்ன காத்திருந்தால் இப்படி வண்டி கிடைக்கும்.

தோணியைக் கவிழ்த்து வைத்தார்கள். காத்து அள்ளாது, மழை பெய்தாலும் தண்ணி நிற்காது. அடியில் வைக்கோல் திணித்த சாக்கு. மூக்கு டிரைவர் பக்கம். குறுக்கே ரெண்டு இடத்தில் கயிறு. மூக்கில் இருந்து ரெண்டு பக்கமும், வாலில் இருந்து ரெண்டு பக்கமும் தனித்தனிக் கயிறு. ஏன் இத்தனை என்று கேட்டோம். குறுக்குக் கயிறு தோணியை மேலே எழும்பாமல் பிடிக்கும், முன்னும் பின்னும் ஓடாமல் பிடிக்காது. பிரேக் போட்டால் வண்டி நிற்கும், சரக்கு நிற்காது, அதைத் தடுக்கத்தான் மூக்குக் கயிறும் வால் கயிறும். கயிறு விளிம்பில் படுற இடத்திலெல்லாம் சாக்கை மடித்து வைத்தார்கள். எங்க கயிறு அறுந்த காரணம் அப்போதான் புரிந்தது. அதுக்காக இறுக்கோ இறுக்கென்று இறுக்கவும் கூடாது, பைபர் நெளிந்து கீறல் விடும். டியூப் ரப்பரைப் பாரம் கட்டப் பயன்படுத்தவே கூடாது. இழுத்தால் நீளுற பொருள் எதைப் பிடிக்கும்?

நங்கூரம்தான் எல்லாத்திலும் ஆபத்து என்றார் பெரியவர். சின்னதுதானே என்று மேலே போட்டால், பிரேக் பிடிக்கும்போது குண்டு மாதிரி வரும். தரையில், கேபின் சுவரை ஒட்டி வைத்துக் கட்டணும். துடுப்பை ஒன்றாகக் கட்டித் தோணிக்கு அடியில். வலையைச் சாக்கில் திணித்து வாய் தைக்கணும், தெர்மாகோல் மிதவையையும் அப்படியே. இஞ்சின் கொண்டுபோறவங்க எண்ணெய் கேனைத் தனியாக மூடி இறுக்கி நிற்க வைக்கணும், பக்கத்தில் பீடி கூடாது. புறப்பட்டு நாலைந்து கிலோமீட்டர் போனதும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்க்கணும். குலுங்கிக் குலுங்கிச் சரக்கு அமர்ந்தபிறகு கட்டு தளர்ந்திருக்கும். நாங்கள் நிறுத்திப் பார்த்தபோது ஆறில் ரெண்டு தளர்ந்திருந்தது.

தோணி எங்களுக்கு என்ன என்று மற்ற குழுக்காரங்க நினைக்க வேண்டாம். சாமியானா வாடகைக்கு விடுற குழுவுக்குப் பந்தல் கம்பு இருக்கு. வத்தல் மூட்டை, சொட்டுநீர்க் குழாய், கடைக்குத் தகரம் கொண்டுபோறவங்க இருக்கீங்க. எல்லாத்துக்கும் இதே கட்டுதான். மீன் பெட்டி கொண்டுவர்ற அக்காமார் ஐஸ் தண்ணியை ரோட்டில் ஒழுகவிடாமல் கேனில் பிடிங்க. பின்னால் வர்ற பைக் வழுக்கி விழுது.

இனி சொல்லப்போறது கொஞ்சம் கசப்பானது. 2021 பிப்ரவரி 16ஆம் தேதி, மணியாச்சி பக்கத்தில் விவசாயக் கூலி வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த சரக்கு வண்டி ஓடையில் கவிழ்ந்தது. 5 பெண்கள் இறந்துபோனார்கள். நம்மைப் போல விடியக்காலம் சோத்துவாளியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினவங்க. அந்தச் செய்தியை நம்ம கூட்டத்திலேயே வாசித்தோம், கண்ணீர் விட்டோம். மூணு வருஷம் கழித்து நாங்களே வலை மேலே ஏறி உட்கார்ந்தோம் என்றால் என்ன சொல்ல?

இன்சூரன்ஸ் இருக்கே என்று ஒரு நினைப்பு உண்டு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்புச் சொல்லியிருக்கு. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பின ஆளோ கூடப் போனால் பாதுகாப்பு உண்டு, 1994இல் சட்டத்தைத் திருத்தி அதைச் சேர்த்தார்கள். ஆனால் அவரும் கேபினில்தான் உட்காரணும், சரக்கு மேலே உட்காரக் கூடாது என்று 2007இல் இன்னொரு தீர்ப்பு. மேலே உட்கார்ந்தவருக்கு ஒன்று ஆகிவிட்டால், வண்டிச் சொந்தக்காரரிடம்தான் கேட்கணும். வண்டியே தவணையில் ஓடும்போது அவரிடம் என்ன இருக்கும்?

அதனால் எங்க மூணு குழுவும் தீர்மானம் போட்டு நோட்டில் எழுதியிருக்கோம். சரக்கோடு ஒருத்தர், கேபினில். மற்றவர்கள் பஸ்ஸில். பஸ் டிக்கெட்டைக் குழுச் செலவில் எழுதலாம். வண்டி பேசும்போதே ஆர்.சி., இன்சூரன்ஸ் தேதி ரெண்டையும் கேட்டுப் பார்க்கணும், கேட்டால் கோவிச்சுக்கிற அண்ணாச்சி வண்டி வேண்டாம். களை எடுக்கப் போகிற இடத்துக்குச் சரக்கு வண்டி அனுப்பினால் என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அதுக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. பஸ் இல்லாத ஊரில் நாம மட்டும் முடிவு எடுக்க முடியாது. ஒரு ஊரில் எல்லாக் குழுவும் ஒரே நாளில் “ஏற மாட்டோம், வேன் அனுப்புங்க” என்று சொன்னால் காட்டுக்காரர் யோசிப்பார். பஸ் வேண்டும் என்று கிராம சபையில் எழுதிக் கொடுக்கிறதை அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

தோணி கட்ட வாங்கின பன்னிரண்டு கயிறும் சாக்கும் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கு. வேணுங்கிற குழு நோட்டில் எழுதிவிட்டு வாங்கிட்டுப் போங்க. மீன் சாமான் கட்டினால் உப்புப் போக அலசி, நிழலில் உலர்த்திக் கொடுங்க. நைந்த கயிறு இருந்தால் முடிச்சுப் போட்டு மறைக்காமல் தனியாக எடுத்து வைத்துச் சொல்லிடுங்க.