உயிலை நிறைவேற்றுபவர்

உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்படுபவர் எக்ஸிகியூட்டர். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவருடைய பொறுப்பை வரையறுக்கிறது. பங்கு பிரிப்பது கடைசி வேலைதான். ஈமச்சடங்குச் செலவு, கடன் பாக்கி எல்லாம் அதற்கு முன்பே தீர வேண்டும்.

சின்னமனூரில் சொத்து என்றால் பெரும்பாலும் முல்லைப்பெரியாற்றுப் பாசன வயல், திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு. பட்டா மாறும்வரை பயிர் காத்திருக்காது. தண்ணீர் பாய்ச்ச வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஊரிலேயே இருப்பவராக, கணக்கு எழுதத் தெரிந்தவராக, உயில் எழுதுபவரைவிட வயதில் இளையவராகப் பார்ப்பது நல்லது. மூத்த மகன் என்பது மட்டும் தகுதியாகாது. பங்குதாரரே எக்ஸிகியூட்டராக இருக்கச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தால் வெளியாள் மேல்.

உயிலை நிறைவேற்றுவதில் சிக்கல் வந்தால் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு வள்ளல் பச்சையப்ப முதலியாரின் உயில் ஓர் உதாரணம். அவர் 1794இல் அதை எழுதிவைத்து மறைந்தார். அவர் அறப்பணிக்கு விட்ட பணம் நீண்ட வழக்கில் சிக்கியது. அதிலிருந்து பள்ளி திறக்க 1842 ஆயிற்று.

நியமிக்கப்படுபவரின் சம்மதத்தை முன்பே கேட்டுவிட வேண்டும். அவர் பின்னர் மறுக்கவும் உரிமை உண்டு. மாற்றாக இன்னொருவர் பெயரையும் உயிலிலேயே எழுதிவைக்கலாம்.