உங்களிடம்தான் பேசுகிறேன்



செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அதையொட்டி நடக்கும் கூட்டங்களில் பேச்சாளர்கள் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். மகனைப் பார்த்துப் பேசுவார்கள், மருமகளைப் பார்த்துப் பேசுவார்கள். நோய் வந்தவரும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருப்பார். பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான். அவரோடு ஒரு வார்த்தை இருக்காது. இன்று எனக்குக் கொடுத்த நேரத்தை அவருக்கே கொடுக்கிறேன். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா என்ற மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அப்படியானால் இந்த அரங்கிலும் ஒருவராவது இருப்பீர்கள். ஐயா, அம்மா, உங்களிடம்தான் பேசுகிறேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொன்னார்களா? நம் வீடுகளில் டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்ஜாடை காட்டிவிடுகிறோம். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், மனசு ஒடஞ்சு போயிடுவார்" என்கிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம், சந்தேகமே இல்லை. ஆனால் ஏதோ நடக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் தெரிந்தவர் நீங்கள்தானே? பழகிய தெருவில் ஒரு கணம் திகைத்து நின்றது, பேரனின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நழுவியது, இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துப் புழுங்கியது நீங்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிவதே பாதி நிம்மதி. அதனால் கேளுங்கள். "எனக்கு என்ன வந்திருக்கு, என்கிட்டயே சொல்லுங்க" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பி12 குறைவா, தைராய்டா, மனச்சோர்வா, சாப்பிடும் வேறு மாத்திரைகளின் விளைவா என்பதையெல்லாம் பார்த்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். அவையும் மறதியைக் கொண்டுவரும். அவற்றைச் சரிசெய்ய முடியும்.

பார்த்தாயிற்று, டிமென்ஷியாதான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் என்ன?

ஆஸ்திரேலியாவின் கேட் ஸ்வாஃபருக்கு 2008இல் இந்த நோய் என்று சொன்னபோது வயது 49. வேலை பார்த்துக்கொண்டிருந்தார், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டும் இருந்தார். வேலையை விடுங்கள், படிப்பை விடுங்கள், இருக்கிற நாளை வீட்டில் நிம்மதியாகக் கழியுங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஆலோசனை. வாழ்க்கையிலிருந்து ஒதுங்கிக்கொள் என்று மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுப்பதற்கு இது சமம் என்று அவர் பின்னாளில் உலக மேடைகளில் வாதாடினார். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவிகளைக் கேட்டு வாங்கிப் படிப்பைத் தொடர்ந்தார், முதுகலைப் பட்டமும் பெற்றார். 2014இல், டிமென்ஷியா வந்தவர்களே நடத்தும் உலக அமைப்பு ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார்.

அதே 2014இல் இங்கிலாந்தில் வெண்டி மிட்செலுக்கு நோய் உறுதியானது. வயது 58. அங்கே அரசு மருத்துவச் சேவையில் வேலை. நூற்றுக்கணக்கான செவிலியர்களுக்குப் பணிப் பட்டியல் போடுகிற பிரிவில் இருந்தவர். ஞாபகசக்திக்குப் பெயர் போனவர். தனியாக வாழ்ந்தவர். நோய் வந்த பிறகும் பல ஆண்டுகள் தனியாகவே வாழ்ந்தார். எப்படி? மூடிய அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மறந்துபோகும். அதனால் உள்ளே இருப்பவற்றைப் படம் எடுத்துக் கதவின்மேல் ஒட்டிவைத்தார். சாப்பிட்டோமா இல்லையா என்பது மறக்கும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் டேப்லெட் கணினியில் அலாரம் வைத்தார். பேசும்போது வார்த்தை தடுமாறும், தட்டச்சு செய்தால் வரும். அதனால் அன்றாடம் எழுதினார். எழுத்தாளர் ஒருவரின் துணையோடு மூன்று புத்தகங்கள் கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் மறைந்தார். மூளையில் மூடுபனி இறங்குகிற நாட்களும் தனக்கு உண்டு என்று அவர் ஒளிக்காமல் எழுதியதால்தான் அவர் சொல்லும் மற்றதையும் நம்புகிறேன்.

"வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு வசதி இருக்கிறது" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரி, நம் சமையலறைக்கு வருவோம். என் பெரியம்மாவின் கதை இது. அவர் கைக்குழம்புக்கு எங்கள் குடும்பமே அடிமை. குழம்பில் இரண்டு தரம் உப்பு விழ ஆரம்பித்தது. ஒருநாள் உப்பே விழவில்லை. "இனிமே நீங்க அடுப்பங்கரைக்கு வர வேணாம்மா, போய் டிவி பாருங்க" என்று அன்போடுதான் சொன்னார்கள். பெரியம்மா டிவி முன்னால் உட்கார்ந்தார். ஆனால் டிவி பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். கரண்டியைப் பிடுங்கிய மாதத்திலேயே அவர் வாயிலிருந்து பேச்சும் குறைந்தது. நோய் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. மருமகள்தான் அதைக் கவனித்தார். அந்தப் பெண் செய்த காரியம் மிகச் சிறியது. காலையில் அன்றைய குழம்புக்கு வேண்டிய உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து மேடைமேல் வைத்துவிடுவார். கிண்ணம் காலியாக இருந்தால் உப்பு போட்டாயிற்று என்று அர்த்தம். வரிசையாக நின்ற எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி பாட்டில்களை வைத்தார். அடுப்பைப் பற்றவைப்பதையும் அணைப்பதையும் தன் பொறுப்பாக வைத்துக்கொண்டார். புளி கரைப்பதும், வெந்தயம் சிவக்கும் பதம் பார்ப்பதும் பெரியம்மாவுக்குத் திரும்ப வந்தன. இதற்கு என்ன செலவு, சொல்லுங்கள்?

வெந்தயத்தின் பதம் மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது, நேற்று நடந்தது, காலையில் யார் வந்தார் போன்ற புது நினைவுகள். கை பழகிய வேலையின் நினைவு மூளையில் வேறு வழியாகப் பதிந்திருப்பதால் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது. பூத்தொடுப்பது, தறியில் உட்காருவது, மிருதங்கம் வாசிப்பது, இவற்றில் எது உங்கள் கைக்குப் பழக்கமோ அதை விட்டுவிடாதீர்கள். முன்பு போல வரவில்லையே என்று நாணமும் வேண்டாம்.

வேலையிடத்திலிருந்தும் ஒரு கதை. ஜப்பானில் டோமோஃபுமி டான்னோ என்ற கார் விற்பனைப் பணியாளருக்கு 39 வயதில் இந்த நோய் வந்தது. வாடிக்கையாளர் முகம் மறந்துபோனது. அவருடைய நிறுவனம் அவரை அனுப்பிவிடாமல் அலுவலக வேலைக்கு மாற்றியது. எந்த வேலையை எப்படிச் செய்வது என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு செய்தார். எங்கே இறங்குவது என்பது வழியில் மறந்துவிட்டால் காட்டுவதற்கு, தன் நோயைச் சொல்லி உதவி கேட்கிற அட்டை ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டார். ஊராருக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை உங்களுக்கும் இருக்கும். தெரியட்டும். ரேஷன் கடைக்காரருக்கும், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் தம்பிகளுக்கும், தெருமுனை டீக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தால், நீங்கள் வழி தவறி நிற்கும் நாளில் "வாங்கய்யா, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்ல ஆள் இருக்கும்.

அடுத்து, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒரு விஷயம். கவுன்ட்டரில் இதை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர் பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, இன்னொரு தரம் போடச் சொல்கிறார்கள். கை நடுங்குகிறது. பின்னால் வரிசை நீள்கிறது. மகன் பேனாவை வெடுக்கென்று வாங்குகிறார், "குடுங்கப்பா, எல்லாத்தையும் எம் பேருக்கு மாத்திடலாம்." பெரியவர் அப்போது பார்த்த பார்வையை என்னால் வர்ணிக்க முடியாது.

அந்த நிலை வருவதற்கு முன்னால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். நோய் இருக்கிறது என்று சீட்டு எழுதிய மறுநாளே உங்கள் தீர்மானிக்கும் உரிமை போய்விடுவதில்லை. ஆரம்பக் கட்டத்தில் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று அன்றைய தேதியில் டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் யாரும் வம்புக்கு வருவது கடினம். கையெழுத்து மாறியிருந்தால் வங்கியில் புது மாதிரிக் கையெழுத்துப் பதிவு செய்யுங்கள். கணக்கை, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். யாரோடு சேர்ந்து என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். "பவர் எழுதிக் கொடுத்துட்டேன், அது போதும்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது போதாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது கைகொடுக்காது. பணத்துக்கு இல்லாவிட்டாலும், சிகிச்சை விஷயத்தில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு வழியைத் தந்திருக்கிறது. பின்னால் எனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று இன்றே எழுதி வைக்கலாம்.

இப்போது கூட வந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேற்றுவரை ஓரளவு சரியாக இருந்தவர் திடீரென்று இரண்டே நாளில் குழம்பிப்போனால், "நோய் முத்திடுச்சு" என்று கைகட்டி உட்காராதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், புதிதாக ஆரம்பித்த மாத்திரையாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். காது மந்தமானவரை மறதிக்காரர் என்று திட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. காதுக்கருவி வாங்கிக் கொடுங்கள். அப்புறம், நோய் வந்தவர் ஒரே கேள்வியை ஐந்தாம் தரம் கேட்டால், "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது முதல் தரம்.

கடைசியாக ஓர் அழைப்பு. இந்த நூலகத்தின் வாசிப்பறையை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலை நமக்குத் தர நூலகர் சம்மதித்திருக்கிறார். டிமென்ஷியா வந்தவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவதற்காக. பாட்டு உண்டு, டீ உண்டு, பழைய வார இதழ்கள் உண்டு. பேச விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். துணைக்கு வருகிறவர்களும் உள்ளே வரலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். நோய் வந்தவரிடம் கேள்வி கேட்டால் துணைக்கு வந்தவர் பதில் சொல்லக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் நாங்கள் காத்திருப்போம். வர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், உங்கள் கையாலேயே.